உடன்பிறப்புப் பகையும் அயலார் வாளும்



வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சியர் கைக்குப் போனது எவ்வாறு? ஆர்க்காட்டு அரசுரிமைக்கு இரு குடியினர் மோதினர். 1749-இல் ஆம்பூர்ப் போரில் தூப்ளேயின் படை துணைநிற்க, சந்தா சாகிபு வென்றார்; அன்வருதீன் மாண்டார். அதற்குக் கைம்மாறாக இவ்வூர்ப்புறங்கள் பிரெஞ்சியர்க்கு அளிக்கப்பட்டன. அன்வருதீன் மகன் முகமது அலிக்கோ ஆங்கிலேயர் தோள்கொடுத்தனர். 1752-இல் பாகூர் மண்ணிலேயே இரு வெள்ளையர் படைகளும் பொருதின. அவ்வாண்டே சந்தா சாகிபு தலையிழந்தார். வென்ற முகமது அலி ஆங்கிலேயரின் கடனாளியானார். 1801-இல் ஆர்க்காட்டு ஆட்சியே அவர்கள் கைக்குப் போயிற்று.

அரபு மண்ணிலும் இந்நிலையே. 1966-இல் அபுதாபியில் அண்ணன் சக்புத்தை இறக்கித் தம்பி சாயிதை அமர்த்த ஆங்கிலேயர் துணைநின்றனர்.

ஏர்பிடித்த உழவனை எவரும் கேட்கவில்லை. இன்றும் புதுவை நிலம் துண்டுதுண்டாய்க் கிடப்பது அந்நாளைய தழும்பே. வீட்டு வழக்கிற்கு அயலானை அழைத்தால், அவன் கேட்கும் கூலி நிலமே!