பறங்கிப்புண்: ஒரு பெயரும் ஓர் இரத்தப் பரிசோதனையும்



சீகிரியாக் குன்றின் உச்சியில் நின்று நாற்றிசையும் நோக்கியவர்கள் அக்காட்சியை எளிதில் மறக்கமாட்டார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் காடு. காட்டின் இடையிடையே வெயிலில் மின்னும் குளங்கள். குளங்களை அண்டி வயல்களும் வீடுகளும். மாத்தளை மாவட்டத்தின் இந்த வடபகுதி வறண்ட வலயத்தைச் சேர்ந்தது. ஓவியங்களைக் காண வருவோர் பலர். குன்றின் அடிவாரத்து ஊர்களில் மக்கள் எவ்வாறு வாழ்ந்தார்கள் என்று கேட்போர் சிலரே. இலங்கையின் வறண்ட வலயக் கிராமங்களை ஒரு காலத்தில் இரண்டு நோய்கள் வாட்டி வதைத்தன. ஒன்று மலேரியாக் காய்ச்சல். அது இந்நாட்டை விட்டு நீங்கியதென 2016ஆம் ஆண்டிலே உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கிற்று. மற்றொன்று பறங்கி. இன்று நான் பேச எடுத்துக்கொண்டது இந்த இரண்டாவது நோயையும், அதனோடு பிரித்தறிய இயலாதபடி பின்னிக்கிடக்கும் வேறொரு நோயையும் பற்றியதாகும்.

பறங்கி பெரும்பாலும் சிறுவரையே பற்றியது. காலிலோ கையிலோ ஒரு சிறு பரு தோன்றும். அது பெருத்துக் கரடுமுரடான புண்ணாகும். சில மாதங்களில் உடலெங்கும் புண்கள் கிளம்பும். உள்ளங்காலில் வந்துவிட்டால் பிள்ளை நடக்கமாட்டாது நொண்டும். சிலருக்குப் பல்லாண்டுகள் கழித்து எலும்பு வளையும், மூக்குச் சிதையும். ஒரே பாயில் உறங்குவதும், உடலோடு உடல் உராய விளையாடுவதும் அது பரவுவதற்குப் போதுமாயிருந்தன. வறுமையும் நெருக்கமும் உள்ள இடத்தில் அது குடியிருந்தது. ஆண் பெண் உறவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. 1881ஆம் ஆண்டிலேயே அரசாங்கத் தலைமை வைத்திய அதிகாரியாயிருந்த கின்சி என்பார் இலங்கையின் பறங்கி நோயைக் குறித்துத் தனி அறிக்கை ஒன்று எழுதினார் என்றால், அதன் கொடுமையை நாம் உணர்ந்துகொள்ளலாம்.

இனிப் பெயரைக் கவனியுங்கள். சிங்கள மக்கள் பறங்கி என்று சொன்னது நான் மேலே கூறிய சிறுவர் நோயை. தமிழிலோ பறங்கிப்புண், பறங்கி வியாதி என்னுஞ் சொற்கள் மேகப்புண்ணை, அதாவது சிபிலிசைக் குறிக்கும். அது பாலுறவால் தொற்றும் நோய். கடல்கடந்து வந்த ஐரோப்பியரோடு வந்தது என்ற எண்ணத்தினால் அவர் பெயரையே நோய்க்கும் இட்டனர். பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்த பாவப்பிரகாசம் என்னும் வடமொழி மருத்துவ நூலும் அதனைப் பிரங்க ரோகம் என்றே வழங்குகின்றது. அப்புண்ணுக்கு நம் வைத்தியர்கள் கொடுத்த மருந்துச் சரக்கின் பெயரும் பறங்கிப்பட்டை. (நம்மிடையே வாழும் பறங்கியர் சமூகத்தாருக்கு இதிலே யாதொரு பங்கும் இல்லை, பிறர் மேல் நோயைச் சுமத்துவது எல்லா நாட்டாருக்கும் உள்ள பழக்கம்.) ஆகவே ஒரே தீவிலே, ஒரே சொல், ஒரு மொழியில் குழந்தையின் புண்ணையும் மற்றொரு மொழியில் மறைத்துப் பேசும் நோயையும் சுட்டிற்று. சிங்களக் கிழவி ஒருத்தி, "எனக்குச் சிறுவயதில் பறங்கி வந்தது" என்று கூச்சமின்றிச் சொன்னதைத் தமிழர் ஒருவர் கேட்டிருந்தால் என்ன எண்ணியிருப்பார்!

பெயரில் மட்டும் குழப்பம் என்றால் அகராதி கொண்டு தீர்த்துவிடலாம். இயற்கையும் அவ்வாறே செய்துவைத்திருக்கின்றது. 1905ஆம் ஆண்டிலே பேர்லின் நகரில் சௌடின், ஒவ்மன் என்னும் இருவர் சிபிலிசுப் புண்ணில் தக்கை திருகியைப் போலச் சுருண்ட மெல்லிய கிருமியைக் கண்டனர். அதே ஆண்டில் நமது கொழும்பில் பணிபுரிந்த கஸ்தெல்லானி என்னும் இத்தாலிய அறிஞர் பறங்கிப் புண்ணிலும் அத்தகைய கிருமியைக் கண்டார். இரண்டையும் நுணுக்குக்காட்டியின் கீழ் அருகருகே வைத்தால் வேறுபாடு தெரியாது. அவற்றின் மரபுப் பொருளைப் படித்துப் பார்த்த இக்கால அறிஞர்கள், இரண்டுக்குமிடையே உள்ள வேற்றுமை ஆயிரத்தில் இரண்டு பங்கினும் குறைவு என்கின்றனர்.

இரத்தப் பரிசோதனையில் இதன் விளைவு என்ன? வைத்தியசாலைகளில் வீ.டீ.ஆர்.எல். என்று சொல்லுவார்களே, அது 1946ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உருவான சோதனை. அது கிருமியைத் தேடுவதன்று. மாட்டின் இதயத்திலிருந்து பெறப்பட்ட ஒருவகைக் கொழுப்புப் பொருளோடு நமது குருதிநீரைச் சேர்த்து, அது திரள்கின்றதா என்று பார்ப்பது. திரண்டால் உடல் ஏதோ ஒன்றை எதிர்த்துப் போராடுகின்றது என்று பொருள். மலேரியாவாலும், சில மூட்டு நோய்களாலும், சில வேளை கருப்பத்தாலும்கூடத் திரளக்கூடும். எனவே அதனை உறுதிசெய்ய, அக்கிருமிக்கே உரிய எதிர்ப்பொருளைக் காணும் இரண்டாவது சோதனை செய்யப்படுகின்றது. இதுவோ ஒருமுறை காட்டினால், நோய் குணமான பின்னரும் பெரும்பாலும் ஆயுள் முழுவதும் காட்டிக்கொண்டே இருக்கும். இவ்விரு சோதனைகளில் எதுவும் சிபிலிசையும் பறங்கியையும் பிரித்துச் சொல்லாது. புண் இருந்தால் அதிலிருந்து எடுத்த நீரில் மரபுப்பொருள் சோதனை செய்து பிரிக்கலாம். ஆறிப்போன பழைய நோயில் அதற்கும் வழியில்லை.

இப்பொழுது ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். குளத்தோரக் கிராமம் ஒன்றில் பிறந்து எண்பது வயதைத் தாண்டிய பெரியவர். மறதி மிகுந்துவிட்டது என்று பிள்ளைகள் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்கின்றார்கள். மறதிக்குரிய காரணங்களுள் சிபிலிசும் ஒன்றாகையால் வைத்தியர் குருதியையும் சோதிக்கின்றார். சோதனைத் தாளில் 'உண்டு' என்று வருகின்றது. மூத்த மகன் தாளை வாங்கிப் படிக்கின்றான். மருமகள் காதுக்குப் போகின்றது. ஐம்பது ஆண்டுகள் உடன்வாழ்ந்த மனைவி அடுப்பங்கரையில் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருக்கின்றாள். அந்தப் பெரியவர் ஏழு வயதில் காலில் புண்ணோடு நொண்டித் திரிந்ததைக் கண்ட சாட்சி எவரும் உயிரோடில்லை. அவருக்கோ நினைவில்லை.

அந்தத் தாள் சொல்வது இவ்வளவே: இந்த உடலில் இந்தக் குலத்துக் கிருமி ஒருகாலத்தில் புகுந்தது. எவ்வழியாகப் புகுந்தது, எவரிடமிருந்து, எந்த வயதில் என்பவற்றை அது சொல்லவில்லை. சொல்லாததை நாம் படித்துவிடுகின்றோம். ஆகையால் முதியவர்களோடு வைத்தியரிடம் செல்வோர், அவர் பிறந்த ஊரையும், சிறுவயதுப் புண்களையும், பழைய தழும்புகளையும் கேட்டறிந்து சொல்வது பெரிய உதவியாகும். ஐயம் தீராதவிடத்து வைத்தியர்கள் பெரும்பாலும் சிபிலிசு என்றே கொண்டு மருந்து கொடுப்பார்கள். அது பழியன்று, முன்னெச்சரிக்கை. இரு நோய்களையும் தீர்ப்பது ஒரே பெனிசிலின்தான்.

ஆயினும் இதை ஒரு சாக்காகக் கொள்ள வேண்டாம். இன்றைய இளைஞர் ஒருவரின் சோதனை 'உண்டு' என்று வந்தால், பாட்டன் காலத்துப் பறங்கியைக் காரணம் காட்டுதல் பொருந்தாது. சிபிலிசின் முதற்புண் வலிக்காது. தொற்றி ஏறக்குறைய மூன்று வாரத்தில் தோன்றி, மருந்தில்லாமலே சில வாரங்களில் ஆறிவிடும். இங்கேதான் பலர் ஏமாந்து போகின்றனர். பின்னர் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடிப்புகள் வரலாம், அவையும் மறையும். நோயோ உள்ளே ஒளிந்திருக்கும். தொற்றிய சில நாள்களில் சோதித்தால் இரத்தம் ஒன்றும் காட்டாமலும் இருக்கலாம்; அதனால் மூன்று மாதங்கழித்து மறுமுறை சோதிக்கச் சொல்லுகின்றனர்.

பறங்கி தாயின் வயிற்றிலுள்ள குழந்தையைத் தொடுவதில்லை; சிபிலிசு தொடும். கருச்சிதைவும், இறந்து பிறத்தலும் அதனால் நேரும். கர்ப்பிணித் தாய்மார் சிகிச்சை நிலையத்தில் மருத்துவ மாது இரத்தம் எடுக்கச் சொல்வது இதனாலேயே. "என்னைச் சந்தேகிக்கின்றீர்களா?" என்று கோபிக்கும் தாய்மாரும் உண்டு. ஒருவரைச் சந்தேகித்து எடுப்பதானால் ஒருவரிடம் மட்டுமே எடுப்பார்கள். எல்லாத் தாய்மாரிடமும் எடுப்பதனாலேதான், தாயிலிருந்து சேய்க்குச் சிபிலிசும் எச்.ஐ.வி.யும் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை ஏற்றுக்கொண்டது. தாய்க்கு நோய் இருப்பின் கணவரும் சோதனைக்கு வரவேண்டும்.  அவருக்கும் நோய் இருந்து மருந்து பெறாவிட்டால், ஊசி போட்ட தாய்க்கும் நோய் திரும்பத் தொற்றக்கூடும்.

கடைசியாக ஒரு சிறு குறிப்பு. நெடுநாள் ஒளிந்திருந்த நோய்க்கு வாரம் ஒன்றாக மூன்று முறை பெனிசிலின் ஊசி போடுவது வழக்கம். ஒவ்வாமை உள்ளவர்கள் முன்னரே சொல்லிவிட வேண்டும். சிகிச்சை முடிந்தபின் வீ.டீ.ஆர்.எல். அளவு குறைகின்றதா என்று பார்ப்பார்கள். இரண்டாவது சோதனை முன்போலவே காட்டும் என்பதால் அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. எந்த ஆண்டில், எத்தனை ஊசி, அளவு எவ்வளவு என்று எழுதிய சிகிச்சை அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பத்து ஆண்டுகள் கழித்து வேறோர் ஊரில், வேறொரு வைத்தியர் அதே சோதனைத் தாளை வியப்போடு நோக்கும்போது, அவரிடம் காட்ட அந்த அட்டை ஒன்றே கையிலிருக்கும்.