மனை நமது, மழை யாருடையது?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வீடு கட்டுவார்க்கு அரசு விதிக்கும் கட்டுப்பாடுகள் எத்துணை அளவிற் பொருந்தும், எவ்விடத்து அவை மிகையாம் என்பது பற்றிச் சில சொல்லுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். சட்டம் பயின்றவர் அல்லேம்; தமிழாசிரியரே யாம். ஆயினும், பழைய வீட்டை இடித்துப் புதுக்க எண்ணாத குடும்பம் இந்நாளில் இச்சபையில் மிகச் சிலவே ஆதலின், இப்பொருள் எல்லார்க்கும் உரியதென்று துணிந்து வந்தேம்.

"என் பணம், என் மனை, எப்படிக் கட்டினால் பிறர்க்கு என்ன?" என்று கேட்போர் நம்மிற் பலர். இவ்வினா இகழத்தக்கதன்று. தறியில் முதுகு வளைந்து ஈட்டிய பொருளால் எழுப்பும் வீட்டில், அறை எங்கே, அடுப்பு எங்கே என்று பிறர் வந்து கூறுதல் யார்க்கு உவப்பாகும்? மேலும், நெசவாளன் வீடு உறையுளும் தொழிற்சாலையுமாம். திண்ணை, நடை, முற்றம், அதனை அடுத்துத் தறிக்குழி, பின்கட்டில் கிணறு என, குறுகி நீண்ட மனையில் முன்னோர் அமைத்தனர். இருபுறமும் அயலார் சுவர் ஒட்டி நிற்கும். அத்தகைய மனையில் நாற்புறமும் இடம் விடுக என்றால் தறிக்கு இடமேது? ஊர்ப்புறத்து அகன்ற மனைகளை எண்ணி வகுத்த விதியை நெசவுத் தெருவின்மேல் அப்படியே ஏற்றுதல் தகாது என்பதே எம் துணிபு. இவ்வகையில் உரிமை கேட்பார் பக்கமே யாம் நிற்போம்.

மழையின் செய்தி வேறு. ஆயிரம் சதுர அடிக் கூரையின்மேல் ஓர் அங்குல மழை பெய்தால், விழும் நீர் ஏறக்குறைய 2,360 லிட்டர் ஆகும். எம் மாணாக்கர் கரும்பலகையிற் போட்டுக் காட்டிய கணக்கு இது. அந்நீரை நாம் தெருவில் தள்ளினால் சாக்கடை நிரம்பி அயலான் வாயிலில் ஏறும். நிலத்தில் விட்டால் நம் கிணற்றிலும் ஊறும், அவன் கிணற்றிலும் ஊறும். நிலத்தடி நீர் பத்திரம் பார்த்து ஓடுவதன்றே!

காஞ்சிக்குத் தெற்கேயுள்ள உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள், முதலாம் பராந்தகன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளிற் பொறிக்கப்பட்டவை. அவை குடவோலை முறையைக் கூறுவன எனப் பள்ளிப் பிள்ளைகளும் ஒப்பிப்பர். யாம் அவற்றில் நோக்குவது பிறிதொன்று. வாரியங்களுக்குப் பெயர் எழுதப்பெறுவான், இறை செலுத்தும் கால் வேலி நிலமும், தன் மனையில் எடுத்த வீடும் உடையனாதல் வேண்டும். அங்ஙனம் தெரிந்தெடுக்கப்பட்டாருள் ஏரி காக்கும் வாரியத்தாரும் அடங்குவர். அஃது அந்தணர் சபை. நெசவாளர்க்கு அவ்வோலையில் இடமிருந்ததில்லை. எனினும், சொந்த வீடுடையானே ஊர் நீருக்குப் பொறுப்பாளனும் ஆவான் என்ற கருத்தை நாம் எடுத்துக்கொள்வதற்கு எவர் தடை?

2003-ஆம் ஆண்டின் வறட்சியில் தமிழக அரசு அவசரச் சட்டம் ஒன்று பிறப்பித்தது. புதிய கட்டடங்களேயன்றிப் பழைய கட்டடங்களிலும் மழைநீர் சேமிப்பு அமைத்தல் வேண்டும் என்றும், செய்யாதார் வீட்டில் அதிகாரிகளே அமைத்துச் செலவை வரிபோல் தண்டலாம், குடிநீர் இணைப்பையும் துண்டிக்கலாம் என்றும் அது விதித்தது. கடுமைதான். ஆயினும் தவறென்று சொல்ல எமக்கு நா எழவில்லை. தவறு நிகழ்ந்தது பின்னர். குழாயொன்று நட்டு, அடியில் ஒரு முழப் பள்ளம் தோண்டிச் சல்லி கொட்டி, அதிகாரி பார்த்துச் சென்றபின் மறந்தோர் பலர். வண்டல் அடைத்த குழியில் நீர் எங்ஙனம் இறங்கும்? அட்லாண்டிக் பெருங்கடலிலுள்ள பெர்முடாத் தீவில் ஆறு என்பதில்லை. அங்கும் வீட்டார் கூரைநீரைத் தொட்டியில் தேக்குதல் வேண்டும் என்பது சட்டமே. அந்நீரையே பருகுதலால், வெள்ளைச் சுண்ணம் பூசிய கூரையை அவர்கள் தூயதாக வைத்துக்கொள்கின்றனர், ஏவுவார் வேண்டியதில்லை.

இப்போது நம் நிலையும் மாறிற்று. 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடிக்கு மேற்படாத மனையில் 3,500 சதுர அடிக்கு மேற்படாத வீடு கட்டுவார், தாமே சான்றளித்து இணையவழியில் உடனே அனுமதி பெறலாம். நம் தெருக்களின் மனைகள் பெரும்பாலும் இவ்வளவினுள் அடங்குவன. அலுவலகத்தில் அலைதல் ஒழிந்தது, மகிழ்ச்சியே. ஆனால் மழைநீர்க்குழி உண்டென்று நாம் எழுதிக் கொடுப்பதே சான்றாதலின், குழி உண்டா இல்லையா என்பது நம் சொல்லின் மதிப்பைப் பொறுத்ததாயிற்று.

யாம் வருந்துவது முற்றங்களைக் குறித்தே. முற்றம் ஒளியும் காற்றும் தந்தது. மழையை உள்ளே ஏற்றது. தறிக்குழியின் ஈரத்தைக் காத்தது. நூல் அறாதிருக்க அவ்வீரம் எத்துணை வேண்டும் என்பதனை உங்கட்கு யாம் சொல்லவேண்டா. இதனை எந்தச் சட்டமும் கட்டளையிட்டதில்லை. இன்றோ அறையொன்று கூடுமென்று முற்றத்தை மூடி, பின்கட்டுக் கிணற்றைத் தூர்த்து, வாயிற்படி வரை சிமெண்டு பூசிவிடுகின்றோம். பின்னர்த் தண்ணீர் வண்டிக்குக் குடத்தோடு காத்திருப்பவர் நம் வீட்டுப் பெண்டிரே.

இன்னொன்று. பட்டினைச் சவுக்காரமும் சோடாவும் இட்டு அவித்த நீரும், சாயநீரும் மழைநீர்க்குழியில் ஒருதுளியும் விழலாகாது. ஒரு வீட்டார் செய்யும் இப்பிழை, தெருவின் கிணறுகள் அனைத்தையும் கெடுக்கும். ஈண்டு உரிமை என்னும் பேச்சுக்கே இடமில்லை. சாயம் தோய்ப்பார் நம் உறவினராயினும் கண்டித்துச் சொல்லல் வேண்டும்.

கிணறு தூராத வீட்டார், கூரைக் குழாயை மணலும் கூழாங்கல்லும் இட்ட வடிகுழி வழியாக அக்கிணற்றுக்கே திருப்பலாம்; முதல் மழையின் அழுக்கு நீரை மட்டும் புறத்தே விடுக. கிணறில்லாத மூன்று நான்கு வீட்டார் கூடி ஒரு குழி வெட்டினாற் செலவு குறையும். ஆண்டுதோறும் ஐப்பசி மழைக்கு முன் வண்டலை வாருதல் வேண்டும். இவ்வேலையிற் பழகிய கொத்தனார் ஒருவரைச் சங்கத்தார் அழைத்திருக்கின்றனர். கூட்டம் முடிந்தபின் அளவும் செலவும் அவர் கூறுவார். தெருவாரியாகப் பெயர் கொடுக்க விரும்புவார் செயலாளரிடம் கொடுத்துச் செல்க.