தீவின் தேறலும் நம் கடற்கரையும்

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் மாணவர்க்குச் சிறுபாணாற்றுப்படை கற்பித்தவன் நான். அதன் தலைவன் நல்லியக்கோடனின் கிடங்கில், இன்று திண்டிவனத்துள் அடங்கிய ஊர். அதில் வரும் எயிற்பட்டினத்தை மரக்காணம் என்பர் அறிஞர்.

அப்பட்டினத்தில் அலை ஒதுக்கிய மணமரத்தை விறகாக்கி எரித்து, நுளைமகள் ஒருத்தி தேறல் அரிக்கிறாள். பரதவர் அதைப் பாணருக்கு அருந்தத் தருகின்றனர். அது நம் வீட்டுத் தேறல். புறநானூற்றின் 56ஆம் பாட்டிலோ, யவனர் கலத்தில் கொணர்ந்த தேறலைப் பொற்கலத்தில் அருந்தி மகிழுமாறு பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துகிறார்.

இது வெறும் கற்பனையா? புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது இருகாதுச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. அங்குக் கிடைத்தவற்றுட் சில, ஈஜியன் கடலிலுள்ள கோஸ் தீவின் மதுச்சாடி வகை எனப் பின்வந்த ஆய்வாளர் கண்டனர். அடையாளம் யாது? இரு தண்டுகளை ஒட்டிய இரட்டைக் கைப்பிடி. இத்தாலியரும் அவ்வடிவைப் பின்பற்றியமையால், மண்ணையும் ஆராய்ந்தே பிறப்பிடம் துணிவர். அத்தீவின் திராட்சை மது கடல்நீர் கலந்தது. அம்முறையை உரோம நாட்டுக் கேட்டோ எழுதிவைத்தார்.

யவனர் மதுவுக்கு ஓடும் சான்று, ஏடும் சான்று. நுளைமகளுக்கோ ஏடு ஒன்றே சான்று. உ. வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை அச்சேற்றாதிருந்தால் அவளை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

ஆகவே உழவர்களே, மாணவர்களே, ஏர்முனையில் பழைய ஓடு தட்டுப்பட்டால் வரப்பில் எறியாதீர்கள். கிடந்த இடத்தைக் குறித்துக்கொண்டு தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள்.