வேட்டைக்கும் ஓர் அளவு



நம் மாநிலத்தின் பெருநகரான ஈப்போ ஒரு மரத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அம்மரத்தின் நச்சுப்பாலை அம்பு நுனியில் தோய்த்து, மூங்கில் ஊதுகுழலால் வேட்டையாடியவர்கள் இம்மண்ணின் பூர்வக்குடியினர். அவர்களுள் செமாய் மக்கள் பீடோரை அடுத்த மலையடிவாரங்களில் இன்றும் நம் அண்டை அயலாராக வாழ்கின்றனர். உணவுக்காக அவர்கள் காட்டிலிருந்து எவ்வளவு கொள்ளலாம்? அந்த அளவை வகுக்க வேண்டியவர் யார்? இதுவே இன்றைய பொருள்.

2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 51-ஆம் பிரிவில் இதற்கு விடை கூற முயல்கிறது. ஆறாம் அட்டவணையில் உள்ள காட்டுப்பன்றி, சருகுமான், முள்ளம்பன்றி முதலிய பத்து உயிரினங்களைப் பூர்வக்குடியினர் தம் குடும்ப உணவுக்காக வேட்டையாடலாம். விற்கவோ பண்டமாற்றுச் செய்யவோ கூடாது. எந்த இனம், எதற்காக என்பவை தெளிவு. எத்தனை என்பதை அப்பிரிவு உரைக்கவில்லை.

எண்ணை வகுத்த அனுபவத்தைக் காண வடகடலை நோக்குவோம். அலாஸ்காவின் இனுப்பியாட் மக்கள் வில்தலைத் திமிங்கிலத்தை உண்டு வாழ்பவர்கள். அது 2,000-க்கும் குறைவே என்று அஞ்சிய அனைத்துலகத் திமிங்கில வேட்டை ஆணையம், 1977-இல் அவர்களுடைய வேட்டையையும் தடுத்தது. கண்ணிற் படுவன மட்டுமே எண்ணப்படுகின்றன, பனிக்கட்டிக்கு அடியிலும் அவை செல்கின்றன என வேடர்கள் வாதிட்டனர். நீருக்குள் ஒலிவாங்கிகளை இறக்கிக் கேட்டபோது அவர்கள் கூற்றே மெய்யாயிற்று. 2001-இல் கணக்கு ஏறத்தாழ 10,000 என வந்தது. 2018-இல் பிரேசிலில் கூடிய ஆணையம், 2019 முதல் 2025 வரை அலாஸ்காவுக்கும் ரஷ்யாவின் சுக்கோத்காவுக்கும் சேர்த்து 392 திமிங்கிலங்களைக் கரைசேர்க்கலாம் என்றும், ஆண்டில் 67-க்கு மேல் ஈட்டி எறியலாகாது என்றும் வரம்பிட்டது. அடிபட்டுத் தப்பியதும் இழப்பே என்பதை அந்த இரண்டாம் எண் நினைவூட்டுகிறது.

இதில் நமக்குரிய பாடம் யாது? காட்டை நன்கறிந்தவரை எண்ணும் பணியிலும் அமர்த்தினால், வரம்பு தண்டனையாகத் தோன்றாது, தம்முடையதாகத் தோன்றும். மற்றொன்றும் உண்டு. இக்காடுகளை வெட்டி ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. அங்கு வியர்வை சிந்தியவர்கள் நம் முன்னோர். விலங்கின் வாழிடம் சுருங்கியதற்கு வேடனை மட்டும் கணக்குக் கேட்பது அறமன்று.

பட்டினப்பாலை காட்டும் பரதவர், நிறைமதி நாளில் கடல்வேட்டைக்குச் செல்லாது ஓய்ந்திருந்தனர். அளவறிந்து கொள்ளுதல் நமக்கும் புதியதன்று. அதனை அண்டையாருடன் அமர்ந்து பேசுவதே நாம் இனிச் செய்யவேண்டியது.