வீடு பார்க்கலாம், வாங்கலாமா?

(நமது சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



காரியதரிசி அவர்கள் என்னைப் பேச அழைத்தபோது, "எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் மட்டும் வேண்டாம். ஏற்கெனவே மூன்று டாக்டர்கள் பேசிவிட்டார்கள்" என்றார். ஆகவே தொலைக்காட்சியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். குறிப்பாக, இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பகல் வேளையில் வருகிற வீடு தேடும் நிகழ்ச்சிகளைப் பற்றி. இங்கே பாதிப் பேருக்குப் பிள்ளையோ பெண்ணோ அந்தத் தேசங்களில் இருக்கிறார்கள். விசிட்டர் விசாவில் போய் இருந்துவிட்டு வந்தவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். காலை எட்டரை மணிக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் ஆபீஸுக்கும், பேரன் பள்ளிக்கும் போய்விட்டால், மாலை வரை அந்தப் பெட்டிதான் நமக்குத் துணை.

முதலில் இவை என்னென்ன என்று சொல்லிவிடுகிறேன். பி.பி.சி.யில் 2002 முதல் வருவது 'எஸ்கேப் டு த கன்ட்ரி'. நகரத்தை விட்டுக் கிராமத்துக்குக் குடிபோக விரும்பும் தம்பதிக்கு மூன்று வீடுகள் காட்டுவார்கள். மூன்றாவது, அவர்கள் கேட்டதிலிருந்து சற்று வித்தியாசமான 'மர்ம வீடு'. அதே பி.பி.சி.யில் 2003 முதல் வருவது 'ஹோம்ஸ் அண்டர் த ஹாமர்'. இதில் ஏலத்தில் எடுத்த பாழடைந்த வீட்டைச் சரிசெய்து லாபம் பார்க்கிறவர்கள் வருவார்கள். சானல் 4-ல் 2000 முதல் வரும் 'எ ப்ளேஸ் இன் த சன்', ஸ்பெயின் போன்ற வெயில் தேசங்களில் வீடு தேடும் ஆங்கிலேயர்களுக்கானது. அமெரிக்காவில் எச்.ஜி.டி.வி.யின் 'ஹவுஸ் ஹண்டர்ஸ்' 1999-ல் ஆரம்பித்தது. அதில் மூன்று வீடு பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பது அரை மணிக்குள் முடிந்துவிடும்.

இவற்றில் என்ன இவ்வளவு கவர்ச்சி? நான் மத்திய அரசில் 36 ஆண்டுகள் இருந்தவன். ஏழு ஊர், ஏழு குவார்ட்டர்ஸ். அலாட்மென்ட் ஆர்டர் வரும், சாவியை வாங்கிக்கொண்டு போய்க் கதவைத் திறப்போம். சமையலறை ஜன்னல் கிழக்கே இருக்க வேண்டுமா, மேற்கே இருக்க வேண்டுமா என்று என் மனைவியை ஒருவரும் கேட்டதில்லை. அப்படி வாழ்ந்தவர்களுக்கு, ஒரு தம்பதி மூன்று வீட்டுக்குள் நுழைந்து, "இந்த ஹால் சிறியது, அந்தத் தோட்டம் பெரியது" என்று குறை சொல்வதைப் பார்ப்பதே ஓர் ஆனந்தம். பிறர் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் உண்டு. இங்கே அது மரியாதையாக, வீட்டுக்காரர் சம்மதத்தோடு நிறைவேறுகிறது.

இன்னொன்று, விலையைச் சொல்லுமுன் அந்தத் தம்பதியை ஊகிக்கச் சொல்வார்கள். நாமும் சோபாவில் உட்கார்ந்தபடியே ஊகிப்போம். என் மனைவியின் ஊகம்தான் பெரும்பாலும் சரியாக இருக்கும். மேலும், நம் ஊர் சீரியல்களைப் போல யாரும் யாருக்கும் விஷம் வைப்பதில்லை. பாதியில் பார்க்க ஆரம்பித்தாலும் புரியும், பாதியில் கண் அயர்ந்தாலும் நஷ்டமில்லை. போகிற போக்கில் டெவன், யார்க்‌ஷயர் என்று பூகோளமும் கொஞ்சம் படிந்துவிடும்.

இவ்வளவு நல்லதையும் சொன்ன பிறகு குறைகளுக்கு வருகிறேன். வெறும் பொழுதுபோக்காகப் பார்க்கும்வரை இவை குறைகளே அல்ல. ஆனால் இதையே பார்த்துப் பழகிய கண்ணோடு நம் குழந்தைகள் வீடு வாங்கப் போகிறார்கள். பல இடங்களில் முன்பணத்துக்கு நம்முடைய பி.எஃப். பணமும், ஊரில் பூர்வீக வீட்டை விற்ற பணமும் போகின்றன. அதனால்தான் இதைப் பேச வேண்டியிருக்கிறது.

முதல் குறை, தேர்வே தேர்வு அல்ல. 'ஹவுஸ் ஹண்டர்ஸ்' நிகழ்ச்சியில் கலந்துகொண்ட ஒரு பெண்மணி 2012-ல் உண்மையைச் சொன்னார். படப்பிடிப்புக்கு முன்பே அவர்கள் ஒரு வீட்டை வாங்க முடிவு செய்தாகிவிட்டது. மற்ற இரண்டும் விற்பனைக்கே வராத நண்பர்கள் வீடுகள். வீடு வாங்குவதில் ஏற்கெனவே வெகுதூரம் போய்விட்டவர்களைத்தான் தேர்ந்தெடுக்கிறோம், படப்பிடிப்புக்குக் கால அவகாசம் குறைவு என்று அந்தச் சானலும் ஒப்புக்கொண்டது. நான் இயற்பியல் படித்தவன். புவியீர்ப்பு முடுக்கம் 980 வரவேண்டும் என்று தெரிந்துகொண்டு, ரீடிங்குகளைப் பின்னாலிருந்து ரிக்கார்டு நோட்டில் எழுதும் மாணவர்கள் எல்லாக் கல்லூரியிலும் உண்டு. அதே கதைதான் இது. பார்க்கிறவர் மனதில் மட்டும், மூன்று வீடு பார்த்தால் போதும், ஒன்று பிடித்துவிடும் என்ற எண்ணம் பதிந்துவிடுகிறது.

இரண்டாவது, கணக்கு. 'ஹோம்ஸ் அண்டர் த ஹாமர்' முடிவில், வாங்கிய விலை, செலவு, இப்போதைய மதிப்பு என மூன்றையும் வைத்து லாபம் சொல்வார்கள். வரிக்கும் கட்டணங்களுக்கும் முன் என்று ஒரு வார்த்தையும் சொல்வார்கள், மறுக்கவில்லை. ஆனால் காதில் விழுவது லாபத் தொகைதான். நானே ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1,00,000 பவுண்டுக்கு ஏலத்தில் எடுத்து, 30,000 செலவழித்து, 1,60,000 மதிப்பு வந்தால் லாபம் 30,000. சரி, இனி கழிப்போம். சொந்த வீடு இருக்க இன்னொன்று வாங்குகிறவருக்கு 2025 ஏப்ரல் முதல் அமலில் இருந்த விகிதப்படி முத்திரை வரி 5,000. கடன் வாங்கி எட்டு மாதத்துக்கு 9 சதவீத வட்டி என்றால் 6,000. வக்கீல், ஏலக் கட்டணம் 3,000. விற்றுக் கொடுக்கும் ஏஜென்டுக்கு 2,500. ஆக 16,500 போய் மிச்சம் 13,500. கணவன் மனைவி இருவரும் எட்டு மாதம் சுண்ணாம்பும் மண்ணுமாக உழைத்ததற்கு ஆளுக்கு மாதம் சுமார் 845 பவுண்டு. 2025 ஏப்ரலில் அங்கே குறைந்தபட்சக் கூலியே மணிக்கு 12.21 பவுண்டு. முழுநேரம் வேலை செய்கிற கடைச் சிப்பந்தி அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் சம்பாதிப்பார். லாபத்துக்கான வரி இதற்குப் பிறகு!

மூன்றாவது, பத்திரம். ஏலத்தில் சுத்தியல் விழுந்தால் ஒப்பந்தம் முடிந்தது. வழக்கமாக அன்றே 10 சதவீதம் கட்டி, 28 நாளில் மீதியைக் கட்ட வேண்டும். ஆகவே ஏலத்துக்கு முன்பே சட்ட ஆவணங்களைப் படிக்க வேண்டும். படித்தீர்களா என்று அந்த நிகழ்ச்சியில் அடிக்கடி கேட்பது நல்ல விஷயம். இல்லை என்று சிரித்துக்கொண்டே சொல்கிறவர்களும் வருகிறார்கள். மற்ற நிகழ்ச்சிகளில் பத்திரத்துக்கு இரண்டு நிமிடம் கிடைப்பதே அபூர்வம். ஸ்பெயினில், அல்மெரியா மாகாணத்தில் வெரா என்ற ஊரில், ஓய்வுபெற்ற ஓர் ஆங்கிலேயத் தம்பதியின் வீட்டை 2008 ஜனவரியில் அரசாங்கமே இடித்துத் தள்ளியது. ஊராட்சி கொடுத்த கட்டட அனுமதியை, மேலேயுள்ள ஆண்டலூசிய மாநில அரசு செல்லாது என்று ரத்து செய்ய வைத்துவிட்டது. அவர்கள் நிகழ்ச்சியில் வந்தவர்கள் என்று நான் சொல்லவில்லை. வெயிலும் நீச்சல் குளமும் காட்டும் காமிராவுக்கு அனுமதிப் பத்திரத்தின் செல்லுபடி தெரியாது என்றுதான் சொல்கிறேன்.

நான்காவதுதான் நம் வயதுக்காரர்களுக்கு முக்கியம். கிராமத்து வீடு தேடி வருகிறவர்களில் பலர் ஓய்வுபெறும் வயதில் இருப்பவர்கள். கூரை வேய்ந்த பழைய வீடு, செங்குத்தான மரப்படி, படுக்கையறை மாடியில். படத்தில் கொள்ளை அழகு. ஆனால் பாரம்பரியப் பட்டியலில் உள்ள கட்டடமானால், அனுமதி இல்லாமல் ஜன்னலைக்கூட மாற்ற முடியாது. குழாய் எரிவாயு இல்லாத இடங்களில் பல வீடுகளை எண்ணெய் வாங்கித் தொட்டியில் நிரப்பித்தான் சூடாக்க வேண்டும். பஸ் எத்தனை மணிக்கு ஒன்று? டாக்டர் எவ்வளவு தூரம்? கார் ஓட்டுகிறவருக்குக் கண் மங்கினால் என்ன செய்வார்கள்? இதையெல்லாம் ஒரு வெயில் நாளில் அரை மணி நேரம் சுற்றிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. "வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். இந்த நிகழ்ச்சிகளோ "வீட்டைப் பார்" என்பதோடு நிறுத்திக்கொள்கின்றன. அந்த வீட்டில் மனிதர் இருக்கப்போவது முப்பது வருஷம். அதைப் படம் பிடிக்க யாராலும் முடியாது.

ஆகவே, வெளியூரிலிருந்து பிள்ளை வாட்ஸ்அப்பில் வீட்டின் வீடியோ அனுப்பினால், "சமையலறை அழகாக இருக்கிறது" என்பதோடு விடாமல் நான்கு கேள்வி கேளுங்கள். சுயேச்சையான சர்வேயர் பார்த்தாரா? இங்கிலாந்தில் பாங்க் செய்யும் மதிப்பீடு பாங்கின் பாதுகாப்புக்குத்தான், வாங்குகிறவருக்காக அல்ல. வக்கீல் ஆவணங்களைப் படித்துவிட்டாரா? இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒப்பந்தம் பரிமாறும்வரை இரு தரப்பும் பின்வாங்கலாம், அதற்குள் பழைய வீட்டைக் காலி செய்துவிட வேண்டாம். வட்டி இரண்டு சதவீதம் ஏறினாலும் தவணை கட்ட முடியுமா? மழை நாளிலும் இரவிலும் ஒருமுறை போய்ப் பார்த்தீர்களா?

இந்தியாவில் வாங்குகிறவர்களுக்கும் இதே முறைதான், பெயர்கள்தான் வேறு. மூலப்பத்திரம், வில்லங்கச் சான்றிதழ், 2016-ம் வருடத்து ரெரா சட்டத்தின்கீழ் பதிவு எண், அந்தச் சட்டம் சொல்லும் கார்ப்பெட் ஏரியா. இவற்றைப் பார்த்துவிட்டு மாடல் பிளாட்டைப் பாருங்கள்.

நிகழ்ச்சிகளைப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மத்தியானக் காப்பியோடு தாராளமாகப் பாருங்கள், விலையை ஊகித்து மாமியிடம் தோற்றுப் போங்கள். கையெழுத்துப் போடும் நாள் வரும்போது மட்டும் டி.வி.யை அணைத்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பத்திரத்தை முதல் பக்கத்திலிருந்து படியுங்கள்.