சாய்ந்து நிற்கும் கற்கள்

(நவம்பர் 9, இலாத்தரன் பேராலய நேர்ந்தளிப்பு விழா – வானொலி மறையுரை)



இன்று உரோமையில் உள்ள இலாத்தரன் பேராலயத்தின் நேர்ந்தளிப்பு விழா. 324ஆம் ஆண்டு நேர்ந்தளிக்கப்பட்ட கோயில் அது. திருத்தந்தையின் ஆசனக் கோயில். மயிலத்திலும் திண்டிவனத்திலும் இருக்கிற நமக்கு அதைப் போய்ப் பார்க்கும் வாய்ப்பு எங்கே? ஆனால் பாண்டிச்சேரிக்குப் போகாதவர் நம்மில் யார்? முதல் வெள்ளிக்குப் போகிறோம், ஜிப்மருக்குப் போகிறோம், துணி எடுக்கப் போகிறோம். ஆகவே அங்கே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நிற்கிற திரு இருதய ஆண்டவர் பசிலிக்காவுக்கே இன்று மனத்தளவில் போய் வருவோம்.

1895இல் பேராயர் கான்டி ஆண்டகை நம் மறைமாவட்டத்தைத் திரு இருதயத்துக்கு ஒப்புக்கொடுத்து, ஒரு கோயில் கட்டவும் ஆசைப்பட்டார். வேலை தொடங்கியது 1902இல். வெல்தெர் சாமியார் முன்னின்று நடத்தினார். 1907 டிசம்பர் 17 அன்று கோயில் மந்திரிக்கப்பட்டது. 2011இல் பசிலிக்கா ஆனது. சாமியார் பேரும் ஆண்டகை பேரும் நமக்குத் தெரிகிறது. அந்த ஐந்து வருடம் சாரத்தில் ஏறி இறங்கியவர்கள், காரை அரைத்தவர்கள், கூடையில் மண் சுமந்த பெண்கள், இவர்களில் ஒருவர் பேரும் நமக்குத் தெரியாது.

உள்ளே போனவுடன் நம் கண் தானாக மேலே போகிறது. இருபத்துநான்கு தூண்கள், 18 மீட்டர் உயரம். இது கோத்திக் பாணி. நம் பக்கத்து மண்டபங்களில் தூணின் மேல் உத்தரக்கல்லைக் கிடத்தி, அதன்மேல் பாவுகல் பரப்பியிருப்பார்கள். பாரம் நேராகக் கீழே இறங்கும். இங்கே வேலை வேறு. இரண்டு பக்கத்திலிருந்தும் வளைந்து ஏறும் வளைவு உச்சியில் கூர்மையாகச் சந்திக்கிறது. அதில் ஒவ்வொரு கல்லும் விழத்தான் பார்க்கிறது. எதிர்ப்பக்கத்துக் கல்லும் விழப் பார்ப்பதால், ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து இரண்டும் நிற்கின்றன. கட்டும்போது அடியில் மரச்சாரம் இருக்கும். உச்சிக்கல் வைத்த பிறகு சாரத்தைப் பிரிப்பார்கள். அந்த நேரத்தில் நெஞ்சு எப்படி அடிக்கும் என்று கொத்தனார் வேலை செய்கிற நம் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள்.

வளைவுக்கு இன்னொரு குணமும் உண்டு. பக்கவாட்டில் உதைக்கும். அதற்காக வெளியே முட்டுக்கொடுத்திருப்பார்கள். அரைவட்ட வளைவைவிடக் கூர்வளைவில் உதைப்பு குறைவு. அதனால்தான் இவ்வளவு உயரம் போக முடிந்தது, சுவரைத் திறந்து வண்ணக் கண்ணாடி வைக்க முடிந்தது. காலை வெயிலில் அந்தக் கண்ணாடிகளிலுள்ள புனிதர்களைப் பார்த்தவர்களுக்கு நாம் சொல்லி விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பாணியில் ஐரோப்பாவில் ஊர் மக்களே தங்கள் காசில் கட்டிய பங்குக் கோயில்கள் பல உண்டு. ஜெர்மனியில் உல்ம் என்ற நகரத்தார் 1377இல் ஒன்றுக்கு அடிக்கல் நாட்டினார்கள். அது ஆயரின் பேராலயம் அல்ல, ஊர்க்கோயில். அதன் 161 மீட்டர் கோபுரம் முடிந்தது 1890இல்! நடுவில் அந்த ஊரே லூத்தரின் சீர்திருத்தத்துக்கு மாறிவிட்டது. வேலையும் பல காலம் நின்றுபோனது. தொடங்கியவர்களும் முடித்தவர்களும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை.

இன்றைய இரண்டாம் வாசகத்தில் பவுலடிகளார் நம்மையே கடவுளின் கட்டடம் என்கிறார். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் பக்கத்துக் கல்மேல் நான் சாய மாட்டேன், அது என்மேல் படக்கூடாது என்று ஒரு கல் சொன்னால் வளைவு என்ன ஆகும்?

பாண்டிச்சேரியிலேயே அப்படி நடந்திருக்கிறது. சம்பா கோயிலில், இன்றைய மாதா பேராலயத்தின் பழைய கட்டடத்தில், உள்ளே வடபுறம் ஒரு சுவர் இருந்தது. ஒருபக்கம் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட கிறிஸ்தவர்கள், மறுபக்கம் மற்றவர்கள். ஒதுக்கப்பட்டவர்கள் குருக்களிடம் போய் நியாயம் கேட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. இது நடந்தது 1745இல். ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். மறுபக்கத்தவர்கள் கோபித்துக்கொண்டதையும் எழுதியிருக்கிறார். 1761இல் ஆங்கிலேயர் ஊரை இடித்தபோது அந்தக் கோயிலும் தரைமட்டமானது. கோபம் மட்டும் இடியவில்லை. 2008இல் எறையூரில், நம் மறைமாவட்டத்திலேயே, கத்தோலிக்கரும் கத்தோலிக்கரும் மோதி, போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இரண்டு உயிர்கள் போயின. அது ஏதோ பழங்கதை அல்ல.

திரு இருதயக் கோயிலின் நடுக்கூடத்தில் சுவர் இல்லை. பாண்டிச்சேரியில் யார் பக்கத்திலும் உட்காருகிறோம், யாருக்கும் சமாதானம் சொல்கிறோம். ஊருக்குத் திரும்பினால்?

போன வாரம் ஆன்மாக்கள் திருநாள். கல்லறையை வெள்ளையடித்து, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றினோம். நம் ஊர்களில் சிலவற்றில் கல்லறைத் தோட்டத்தின் நடுவே இன்னும் சுவர் இருக்கிறது. வாசல் இரண்டு. சில இடங்களில் சவ வண்டியும் இரண்டு. குருக்களாகிய நாங்களும் ஒரு வாசல் வழியே போய் மந்திரித்துவிட்டு, வெளியே வந்து, சுற்றிக்கொண்டு அடுத்த வாசல் வழியே போய் மந்திரிக்கிறோம். வருடா வருடம் அப்படிச் சுற்றி நடந்தே பழகிவிட்டோம். இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் கயிற்றால் சாட்டை பின்னிக் கோயிலுக்குள் நுழைகிறார். கல்லறை வாசலில் நின்றால் எங்களைத்தான் முதலில் பார்ப்பார் என்று தோன்றுகிறது.

உங்கள் பங்கில் அப்படியொரு சுவர் இருந்தால், அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்துக்கு ஒரு துண்டுத்தாளில் "கல்லறைச் சுவர்" என்று மட்டும் எழுதிக் கொடுங்கள். பேர் போட வேண்டாம். பங்குச்சாமியார் அதைச் சத்தமாக வாசிக்கட்டும்.