அந்தமானில் ஒரு தமிழர்: ஏ. டி. லோகநாதன்

அந்தமான் என்றதும் செல்லுலார் சிறையை நாம் நினைக்கிறோம். 1943 டிசம்பர் 30ஆம் நாள் போர்ட் பிளேயரில் நேதாஜி மூவர்ணக் கொடி ஏற்றியதையும் நினைக்கிறோம். அக்கொடியின் பெயரால் தீவுகளை நிர்வகிக்க அனுப்பப்பட்டவர் ஒரு தமிழர் என்பதை நம்மில் சிலரே அறிவர். அவரே ஆற்காடு துரைசாமி லோகநாதன்.

ராணுவ மருத்துவரான இவர், சிங்கப்பூர் வீழ்ந்தபின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து அதன் மருத்துவப் பிரிவுக்குத் தலைமை தாங்கினார். 1943 அக்டோபரில் நேதாஜி அமைத்த தற்காலிக அரசில் படையின் பிரதிநிதிகளுள் ஒருவரானார். 1944 பிப்ரவரியில் தலைமை ஆணையராக அந்தமான் சேர்ந்தார்.

காலமோ கொடியது. 1942 மார்ச் முதல் தீவுகள் ஜப்பானியர் பிடியில் இருந்தன. ஒற்றர் என்ற ஐயத்தின்பேரில் பலர் வதைக்கப்பட்டனர். இவர் வருவதற்குச் சில வாரங்கள் முன்பு, 1944 ஜனவரி 30ஆம் நாள், ஹம்ஃப்ரிகஞ்சில் 44 இந்தியர் சுட்டுக் கொல்லப்பட்டனர். தீவுகளைத் தற்காலிக அரசுக்கு அளிப்பதாக அறிவித்த ஜப்பானியர், காவல் துறையை விட்டுக்கொடுக்க இசையவில்லை. காவல் கையில் இல்லாதவன் குடிகளைக் காப்பது எங்ஙனம்? லோகநாதன் கல்வித் துறையை மட்டும் ஏற்றார். பிற துறைகளை ஏற்க மறுத்தார். சில மாதங்களில் உடல் நலிந்து திரும்பினார்.

தீவு மக்களின் துயரை அவரால் துடைக்க இயலவில்லை. இதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும், அதிகாரம் பிறரிடம் இருக்க, அவர்கள் செயலுக்குத் தம் பெயரைக் கேடயமாக்க அவர் உடன்படவில்லை.

உண்மையான பொறுப்பு பின்னர் ரங்கூனில் வந்தது. 1945 ஏப்ரல் இறுதியில் நேதாஜியும் ஜப்பானியரும் நகரை நீங்கினர். தமிழர் உள்ளிட்ட இந்தியர் பெருந்தொகையாக வாழ்ந்த அந்நகரில், ஏறத்தாழ 5,000 வீரருடன் அமைதி காக்கும் கடமை லோகநாதனைச் சேர்ந்தது. 1942இல் பிரிட்டிஷார் வெளியேறியபோது அங்கே கொள்ளையும் தீயும் தலைவிரித்தாடின. இம்முறை, மே மாதத் தொடக்கத்தில் பிரிட்டிஷ் படை வரும்வரை, நகரம் பெரிதும் அமைதியாக இருந்தது. தாம் சிறைப்படுவது உறுதி என்று அறிந்தும் அவர் இடத்தைவிட்டு அகலவில்லை.

1949இல் லோகநாதன் மறைந்தார். நேதாஜி சூட்டிய ஷாஹீத், ஸ்வராஜ் என்னும் பெயர்களை 2018 முதல் அந்தமானின் இரு தீவுகள் தாங்குகின்றன. அப்பெயர்களைக் கேட்கும்போது, ஏற்க வேண்டியதையும் மறுக்க வேண்டியதையும் பகுத்தறிந்த இத்தமிழரையும் நாம் நினைப்போமாக.